பிரிகிதா அடைத்த ஜன்னல்

"இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னால, அம்மாமாரே, ஐயாமாரே, இதே வீட்டுல, அதோ மேல தெரியுதே அந்த அடைச்ச ஜன்னல், அதுக்குப் பின்னால..."

"பின்னால என்னோட துணி அலமாரி இருக்கு. வேற ஒண்ணும் கிடையாது."

"...பிரிகிதான்னு ஒரு கல்நெஞ்சக்காரி. வெள்ளிச் சுரங்க முதலாளியோட மூத்த மக..."

"பொத்தான் வித்தவ. மார்க்கெட்டுல நூலும் பொத்தானும் வித்தவ. சுரங்கத்த எட்டிக்கூடப் பாத்ததில்ல."

"...தன்னோட சொந்தத் தங்கச்சிய, ரோசௌராவ, ஒரு ஆம்பிளைக்காக..."

"லிபோரியோ, நான் பேசறது உன் காதுல விழுதா இல்லையா?"

"டோன்யா லாலா, நான் பேசி முடிச்சிடறேன். அப்புறம் நீங்க பேசுங்க."

"நீ முடிச்சப்புறம் நான் பேச என்ன மிச்சம் இருக்கும்? கொன்னுட்டுத்தானே முடிப்ப."

கீழே சந்தில் நின்ற கூட்டம் சிரித்தது. தொப்பி போட்ட ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், மற்றவர்களும் தட்டினார்கள். ஒரு பெண் கைபேசியைப் பால்கனியில் நின்ற என் பக்கம் உயர்த்தி, "கொஞ்சம் திரும்புங்கம்மா, வெயில் முகத்துல விழல" என்றாள். ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டி லிபோரியோ தன் கறுப்பு வெல்வெட் அங்கியை ஒரு சுழற்று சுழற்றி எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தான். திருட்டுப்பயல். வாய்க்கு வாய் டோன்யா, அதாவது அம்மணி, என்று மரியாதை வைத்துக்கொண்டே என் கோபத்தையும் சேர்த்துத் தன் காட்சிக்குள் மடித்து வைத்துக்கொண்டான்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் மெக்சிகோவின் குவனஹ்வாத்தோ நகரில் எந்த மூலை திரும்பினாலும் யாராவது வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ரிப்பன் தொங்கும் அங்கியோடு பாடிக்கொண்டு போகும் இளைஞர்கள், நீரூற்றுப் பக்கத்தில் செத்துப்போன துறவியாக நிற்கும் ஒருவர், சர்ச் படியில் வெள்ளைத் துணி எதையோ சுற்றிக்கொண்டு அழும் ஒருத்தி. இந்த ஊரில் பால்கனியிலிருந்து ஒரு கிழவி கத்தினால், அதுவும் டிக்கெட்டில் சேர்த்தி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதோடு இன்னொன்று. எங்கள் ஊரில் ஃப்ரிட்ஜுக்கு முந்தைய எதுவானாலும் அது ஸ்பெயின் ராஜா காலத்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பூசிய சுண்ணாம்பைத் தடவிப் பார்த்து, "எத்தனை நூற்றாண்டு" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அடைத்த ஜன்னலும் அப்படித்தான். அது அடைபட்டது எனக்கு நாலு வயதாக இருந்தபோது. பிரிகிதா என் பெரியம்மா. என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போனவள். அவளைத்தான் இவன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பன்னிரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும், கொலைகாரியாக்குகிறான்.

முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள் நான். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் இரண்டும் தனித்தனியாக என் காதில் விழும். வாய்ச்சண்டையில் யாரிடமும் தோற்றதில்லை. சமையல் வாயுக்காரன், முனிசிபாலிட்டி எழுத்தர், என் இரண்டு மாப்பிள்ளைகள், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அந்த வாரம் முழுவதும் லிபோரியோவைப் பிடி பிடி என்று பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயித்தேன். ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினான். கையில் காகிதப்பையில் சிப்பி வடிவ இனிப்பு ரொட்டி. என் படிகளை ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அங்கியைக் கழற்றி, குழந்தையைப் படுக்க வைப்பது போல நாற்காலியில் மடித்து வைத்தான். அது இல்லாமல் பார்த்தால் அவன் சாதாரண ஆள்தான். நாற்பது வயது, லேசாகத் தொப்பை, சட்டையில் காலையில் தின்ற முட்டைக் கறை.

"டோன்யா, உங்களுக்குத் தெரியுமா, நேத்து சாயங்காலம் வந்ததுல பாதிப் பேர் உங்களுக்காகவே வந்தாங்க. 'பால்கனியில சண்டை போடற பாட்டி எங்க'ன்னு கேட்டுக்கிட்டே மலை ஏறினாங்க."

"பாட்டியா."

"அவங்க சொன்னது. நான் சொல்லல."

"ரொட்டிய அங்க வெச்சிட்டு விஷயத்தச் சொல்லு."

"ரெண்டு வேளையும் நீங்க வந்து நிக்கணும். இப்ப எப்படித் திட்டறீங்களோ அதே மாதிரி. ஒரு வார்த்த மாத்த வேண்டாம். ஒரு கறுப்புச் சால்வை மட்டும் போத்திக்கிட்டா..."

"என்கிட்ட கறுப்புச் சால்வை இருக்கு. சாவு வீட்டுக்குப் போட்டுக்கறது. உன் சாவுக்கு எடுத்து வெச்சிருக்கேன்."

அவன் சிரித்தான். எதைச் சொன்னாலும் சிரிப்பவனோடு சண்டை போடுவது கடினம். காபி கொதிக்க வைத்தேன், ஏனென்றால் வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி கொடுக்காமல் திட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

"அந்தக் கதைய விட்டுடு லிபோரியோ. பேரையாவது மாத்து. அவ என் பெரியம்மா. என்னை வளத்தவ."

"பேர் நான் வெச்சதில்ல டோன்யா. நான் இந்தச் சந்துக்கு வந்தப்பவே எல்லாரும் பிரிகிதா ஜன்னல்னுதான் சொன்னாங்க. தங்கச்சி ஒருத்தி இருந்தா, திடீர்னு காணோம், அதே மாசம் ஜன்னல அடைச்சாங்கன்னு சொன்னாங்க. மிச்சத்த நான் போட்டுக்கிட்டேன். தொழில் அதானே."

"மிச்சம்தான் கொலை."

"சரி, மாத்தறேன். ஆனா ஜன்னல் அங்கயே இருக்கே. கண்ணுக்கு நேரா. ஏன் அடைச்சாங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"காத்து அடிச்சுதுன்னு சொல்லு."

"காத்து அடிச்சதக் கேக்க ஒருத்தனும் இத்தன படி ஏற மாட்டான்." காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "என் காரணத்த விட நல்ல காரணம் ஒண்ணு குடுங்க. நாளைக்கே மாத்திடறேன். எங்கம்மா மேல சத்தியமா."

காரணம் இருந்தது. நாக்கு நுனியில்கூட வந்தது. அவன் காத்திருந்தான். நான் ரொட்டியைப் பிய்த்துக் காபியில் நனைத்தேன். அவன் காபியைக் குடித்து முடித்து அங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், என் அம்மா அம்பாரோ சாகவில்லை, என்னை விட்டுவிட்டுப் போனாள் என்பதைச் சொல்ல வேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் புருஷனிடம்கூட, அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் சொல்லியிருந்தேன். பெரியம்மா பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. "உன் தங்கச்சி எங்க பிரிகிதா?" என்று சந்தில் கேட்டால், "என் வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடப்பாள். அவ்வளவுதான். வருஷக்கணக்காக அவ்வளவுதான். அவள் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது நான் ஒரு நாள் கேட்டேன், "ஏன் பெரியம்மா, சொல்லித் தொலைச்சிருக்கலாமே, ஊரே உன்னை ஒரு மாதிரி பாக்குதே" என்று. தலையணையில் முகத்தைத் திருப்பி, "சொல்லியிருந்தா என்னைப் பாக்கறத விட்டுட்டு உன்னைப் பாத்திருப்பாங்க" என்றாள். "என்னைப் பாக்கட்டும். எனக்குப் பழகிடுச்சு."

வெள்ளிக்கிழமை காலை பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற பால்கனிக்கு வந்தால், எதிர்வீட்டுச் சோலே தன் சுவரைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் சந்தில் எதிர்வீடு என்றால் கை நீட்டினால் உப்பு வாங்கலாம். அதனால்தான் உப்புச் சந்து என்று பெயர் என்பார்கள், அதுவும் யாரோ வழிகாட்டி கட்டிய கதையாக இருக்கும். சோலே எங்கள் சந்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். லிபோரியோவின் கூட்டத்துக்கு வண்ண வண்ணமாக ஜெல்லி விற்கிறாள்.

"என்ன சோலே, செவுத்துக்குக் கல்யாணமா?"

"செவுத்துல பதிக்க எழுத்து ஓடு வருது லாலா. டோலோரெஸ் ஊர்ல செய்யச் சொல்லியிருக்கோம். நல்ல சுட்ட ஓடு, ஓரமெல்லாம் நீலப் பூ. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பதிக்கறாங்க. சந்துக்காரங்க எல்லாரும் சேந்து எடுத்த முடிவு."

"நானும் சந்துக்காரிதான். என்னை யாரும் கேக்கலையே. என்ன எழுதியிருக்கு?"

சோலே துடைப்பத்தை வாளியில் முக்கி எடுத்தாள். அவசரமில்லாமல்.

"கதையத்தான். இந்த ஜன்னலுக்குப் பின்னால டோன்யா பிரிகிதா தன் தங்கையை உயிரோடு வெச்சு மூடினாள்னு. உன் வீட்டுப் பக்கம் ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கு."

"என் பெரியம்மா பேரு உன் செவுத்துல எதுக்கு?"

"என் செவுரு லாலா. உன் செவுத்துல கேட்டா நீ விடுவியா?"

"சோலே, அவ யாரையும் கொல்லல."

"அப்போ ஏன் வாயத் திறக்காம செத்தா? என் மாமியார் எத்தனையோ தடவ கேட்டாங்களாம், தங்கச்சி எங்கன்னு. ஒரு வார்த்த பேசலயாம். ஒளிக்க ஒண்ணும் இல்லாதவ எதுக்கு வாய மூடணும்?" பிறகு கொஞ்சம் தணிந்து, "இத்தன வருஷம் ஆச்சு, செத்தவளுக்கு என்ன வலிக்கப்போவுது. நமக்கு நாலு பேர் வந்தா நல்லதுதானே" என்றாள்.

தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். என் வாழ்க்கையில் நான் பதில் சொல்லாமல் உள்ளே வந்த சண்டை அது ஒன்றுதான். வாயில் பேசுவது காற்றோடு போகும். லிபோரியோ நாளைக்கே வேறு ஊருக்குப் போனால் அவன் கதையும் கூடப் போகும். சுட்ட ஓடு போகாது. நான் செத்த பிறகும் அந்த நீலப் பூவுக்கு நடுவே பெரியம்மா கொலைகாரியாகவே இருப்பாள், வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அம்மா விட்டுப்போன பிள்ளை என்று இனிமேல் யார் என்னை என்ன செய்ய முடியும் என்று கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டவள், யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று எழுந்துபோய் பால்கனிக் கதவைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. நான் தலை பின்னிக்கொண்டேன், பச்சைக் கல் தோடு போட்டுக்கொண்டேன், வாயில் கொஞ்சம் சாயம்கூடப் பூசினேன். கறுப்புச் சால்வையைத் தொடவில்லை. கூட்டம் படிகளில் வளைவு வரைக்கும் நின்றது. மோன்தெர்ரே நகரத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம், வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர், எங்கள் சந்துக்காரர்கள், சர்ச்சிலிருந்து நேராக வந்த பாடகர் குழுப் பெண்கள். கொத்தனார் சிமெண்டைக் குழைத்து ஓட்டைச் சுவரில் அழுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு மேசை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது சோலேயின் மேசை விரிப்பு, கிறிஸ்துமஸுக்குப் போடுவது.

நான் பால்கனிக் கதவைத் திறந்ததும் கைதட்டல் எழுந்தது.

"இதோ வந்துட்டாங்க," என்றான் லிபோரியோ, இரண்டு கையையும் விரித்து. "கொலைகாரி வம்சத்துக் கடைசி வாரிசு. வாங்க டோன்யா, இன்னைக்கு என்ன திட்டு?"

"இன்னைக்குத் திட்டு இல்ல. நீ காரணம் கேட்டியே, வீட்டுக்கு வந்து. குடுக்கறேன், வாங்கிக்கோ."

"வாங்கிக்கறேன். சத்தமா சொல்லுங்க, பின்னால இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

"எனக்குச் சத்தமா பேச நீ சொல்லித் தர வேண்டாம்."

சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

"என் அம்மா பேரு அம்பாரோ. உன் கதையில ரோசௌரா. அவள யாரும் செவுத்துக்குள்ள வெக்கல. நல்ல செருப்பா எடுத்துப் போட்டுக்கிட்டு, இதோ நீங்க நிக்கிற படியிலதான் இறங்கிப் போனா. ஒரு லாரிக்காரனோட, வடக்கே. எனக்கு அப்ப நாலு வயசு. 'ஜன்னல்ல நில்லு, வளைவுல திரும்பும்போது கை காட்டறேன்'னு சொன்னா. சொன்ன மாதிரியே காட்டினா. அதுக்கு அவளக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் வரல."

மோன்தெர்ரே குடும்பத்தில் ஒருவர், "நல்லா நடிக்கிறாங்க" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி அவர் கையில் கிள்ளியது மேலிருந்து எனக்குத் தெரிந்தது.

"நான் ஜன்னல விட்டு நகரல. பெரியம்மா சாப்பாட்டுத் தட்ட அங்கயே கொண்டாந்து ஊட்டினா. அங்கயே தூங்கினா தூக்கிப் படுக்க வெச்சா, முழிச்சதும் மறுபடியும் போய் நிப்பேன். காலணியக் கழட்ட விட மாட்டேன், அம்மா வந்தா ஓடணுமில்ல. அந்த ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. ஒரு நாள் நீலப் பாவாடை போட்ட யாரோ ஒரு பொம்பளை வளைவுல திரும்பினா. அம்மான்னு நெனச்சுப் பாதி உடம்ப வெளிய விட்டுட்டேன். பெரியம்மா பின்னலப் புடிச்சு உள்ள இழுத்தா. ஒரு கொத்து முடி அவ கையோட வந்துடுச்சு. மறுநாள் கடையத் திறக்காம கொத்தனாரக் கூட்டிட்டு வந்தா."

கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. என் குரல் நடுங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசி நிலையத்தில் எத்தனையோ சாவுச் செய்திகளை இந்தக் குரலால்தான் இணைத்திருக்கிறேன்.

"கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல வெக்கற சின்னச் சில்லு இருக்கே, அதையெல்லாம் நான்தான் பொறுக்கிக் கொத்தனார் கையில குடுத்தேன். விளையாட்டுன்னு நெனச்சேன். கடைசிக் கல்லு வெக்கறதுக்கு முன்னாடி அவர் என்னைத் தூக்கி, ஒரு தடவ வெளிய பாத்துக்கோம்மான்னார். பாத்தேன். அடைச்சிட்டாங்க. இந்தச் சந்துல எல்லாரும் கேட்டீங்க, தங்கச்சி எங்க, தங்கச்சி எங்கன்னு. அவ சொல்லல. அம்மா வேண்டாம்னு விட்டுட்டுப் போன பிள்ளைன்னு யார் வாயிலயும் நான் விழக்கூடாதுன்னு, அவ கொலைகாரியாவே இருந்துட்டுப் போனா. பிரிகிதா செஞ்சது இதுதான். இத எழுது ஓட்டுல."

சோலே தன் வாசலில் ஜெல்லித் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். மேசை விரிப்பை ஒதுக்கினாள். அதை அவிழ்த்துக் காட்டுகிறாள் என்று ஒருவர் படம் எடுக்கக்கூட முனைந்தார். அவள் ஓட்டின் ஓரத்தில் பத்து விரலையும் கொடுத்து, காயாத சிமெண்டோடு பிடுங்கி எடுத்தாள். கொத்தனார், "ஐயோ அம்மா, இப்பத்தான் வெச்சேன்" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எழுத்துள்ள பக்கத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிமெண்ட் அவள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வழிந்தது.

ஜெயித்துவிட்டேன். அதில் சந்தேகமே இல்லை. இத்தனை பேர் நடுவில் பெரியம்மா பெயர் கழுவித் துடைத்தது போல ஆகிவிட்டது, இனிமேல் ஒரு வழிகாட்டி இந்தச் சந்தில் நின்று அந்தக் கதையைச் சொன்னால் ஜெல்லி விற்கிறவளே அவனை விரட்டுவாள். இரும்புக் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றேன். கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் தலைகளுக்கு மேலே, படிகளுக்குக் கீழே, வளைவு வரைக்கும் சந்து முழுவதும் எனக்குத் தெரிந்தது. மஞ்சள் சுவர், அதன் மேல் வெயில், திருப்பத்தில் யாரோ காய வைத்த போர்வை.

லிபோரியோ மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. அடைத்த ஜன்னலைப் பார்த்தான், திரும்பி வளைவைப் பார்த்தான், பிறகு என் பால்கனியைப் பார்த்தான். தன் வேஷத் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். இத்தனை நாளில் அவனுடைய சொந்தக் குரலை நான் கேட்டதே இல்லை என்பது அவன் பேசியபோதுதான் தெரிந்தது. பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாத குரல்.

"அப்போ, ஜன்னல அடைச்சதுக்கு அப்புறம் நீங்க எங்க நின்னு பாத்தீங்க, டோன்யா?"